உரிமையாளரின் கருத்து

ஜனவரி 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மருமகளின் வணக்கம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். உங்கள் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து தீர்வதற்குள் அடுத்த புட்டி வாங்கிவிட்டீர்களா? கப்பலிலிருந்து உங்கள் மகன் போன வாரம் பேசினார். இன்ஜின் அறையில் சூடு தாங்கவில்லையாம், மற்றபடி நலமாம்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை அப்பா என்னை ஆஸ்பத்திரியில் வேலைக்கு விடுவதற்காகக் காரை எடுத்தார். பாலத்தின் நடுவில் போகும்போது இன்ஜின் நின்றுவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை, ஒரு குலுக்கல்கூட இல்லை. சுவிட்சைத் தட்டியதும் மின்விசிறி ஓய்கிற மாதிரி ஓய்ந்துவிட்டது. பின்னால் ஒரு சிமெண்ட் லாரி வந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது பின்கண்ணாடி முழுக்க லாரியின் முகம்தான் இருந்தது. ஒரு முழம் இடைவெளியில் நின்றது.

லாரிக்காரர் இறங்கி வந்து வாயில் வந்தபடி பேசத் தொடங்கினார். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. கைகூப்பினார். அப்பா ரோட்டில் ஒருவரைப் பார்த்துக் கைகூப்பி நான் பார்த்ததே இல்லை. லாரிக்காரரும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவருக்கு இது பெரிய அடி. இந்தக் கார் வந்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? "கிளட்ச் இல்லாத வண்டிம்மா. இத்தனை வருஷம் உழைச்ச என் இடது காலுக்கு இப்பதான் பென்ஷன்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று வீட்டுக்கு வந்து, "ஐஞ்சு மாசக் குழந்தை இது, இப்படி மூச்சை நிறுத்தக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

ஷோரூமில் போய்ச் சொன்னேன். வண்டியின் புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறதாம். உரிமையாளர் எழுதினால்தான் புகாராக எடுப்பார்களாம். நீங்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அத்தை. உங்கள் கடிதம் என்றால் அதற்கு ஒரு எடை உண்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஜனவரி 15, திங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். மருந்து வாங்கிவிட்டேன். கண் பரவாயில்லை. உன் கடிதத்தில் தேதி இருந்தது, கிழமை இல்லை. கடிதம் என்றால் இரண்டும் வேண்டும்.

படித்து அதிர்ந்துபோனேன். மூன்று மாதம் கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களை வரவழைத்து, ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டுப் படித்து, நான் தேர்ந்தெடுத்த வண்டி அது. என் மகன் கடலில் இருக்கும்போது அவன் மனைவி பஸ்ஸில் இடிபட்டுப் போகக் கூடாது என்பதற்காக என் பெயரில் பதிவு செய்து அனுப்பினேன். இந்த ஊரில் அதே வண்டி வைத்திருக்கும் வக்கீல் வீட்டில் விசாரித்தேன். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

எந்த இயந்திரமும் அதைக் கையாள்பவரைப் பொறுத்தது. உன் அப்பா மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் பஸ் ஓட்டுவது வேறு, இந்தக் காலத்து வண்டியை ஓட்டுவது வேறு. தகரக் கொட்டகையைத் தள்ளிப் பழகிய கைக்கு நுணுக்கமான வண்டி உடனே படியாது. அவர் அதோடு வந்திருக்கும் கையேட்டைப் படித்தாரா? முழுவதுமாகவா, படம் மட்டுமா?

முதலில் அதைப் பார்க்கச் சொல். எழுத வேண்டியிருந்தால் எழுதுகிறேன்.

மகனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இதை அவனிடம் சொல்லி அவன் நிம்மதியைக் கெடுக்க வேண்டாம்.

அத்தை


பிப்ரவரி 2, வெள்ளி

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். இங்கே இருவருக்கும் உடம்பு நலம். மனம்தான் ஒரு நிலையில் இல்லை.

அப்பா கையேட்டை முழுவதும் படித்தார். பென்சிலால் குறித்தும் வைத்திருக்கிறார். நீங்கள் கேட்டீர்கள் என்று சொன்னபோது சிரித்துவிட்டு, "சம்பந்தியம்மா பரீட்சை வெச்சா நான் பாஸாயிடுவேன்னு எழுது" என்றார்.

பிறகு இரண்டு முறை நின்றுவிட்டது. ஒரு முறை மார்க்கெட் முனையில், நாங்கள் மெதுவாகப் போனதால் தப்பித்தோம். இரண்டாவது ஆஸ்பத்திரிச் சரிவில். மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் நின்றது. இன்ஜின் நின்றால் பிரேக்கும் கல்லாகிவிடுகிறது, அத்தை. அப்பா இரண்டு காலாலும் மிதித்தார். ஸ்டீயரிங்கும் திரும்ப மறுத்தது. கைப்பிரேக் என்று இழுப்பதற்கு ஒன்றும் கிடையாது, ஒரு பொத்தான்தான். அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நிற்கவில்லை. நல்லவேளை, எதிரில் யாரும் இல்லை. சரிவு முடிந்து சமதளத்தில் தானாக நின்றது. அப்பாவின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

சர்வீஸ் ஷெட்டில் ஒரு மிஷினைச் சொருகிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் பதிவாகவில்லை என்று சீட்டு எழுதித் தந்தார்கள். அங்கே காத்திருந்தபோது இன்னும் இரண்டு பேர் இதே வண்டியோடு நின்றிருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் பால் ஏஜென்ட். மூன்று பேர் கையிலும் ஒரே வரி எழுதிய ஒரே சீட்டு. பால் ஏஜென்ட் தன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "டாக்டர்கிட்ட போனா நோய் இல்லேங்கிறான், வீட்டுக்கு வந்தா உயிர் போகுது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பா சரிவுப் பக்கம் போவதில்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறார். இருபது நிமிஷம் கூடுதல் ஆகிறது, ஆனால் சமதளம். வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறேன் என்றால், "உன் மாமியார் ஆசையா வாங்கிக் குடுத்ததை நிறுத்தி வெச்சா அவங்க மனசு என்ன பாடுபடும்" என்கிறார்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன். உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவார்களாம். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 9

மதிப்புமிகு வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் நலனை நாடும் வாடிக்கையாளர் உறவுப் பிரிவிலிருந்து எழுதப்படுவது. தங்கள் பெயரில் பதிவான வாகனத்தின் இன்ஜின் குறித்துத் தங்கள் குடும்ப உறுப்பினர் ஒருவர் எழுதியுள்ளார். எங்கள் சேவை மையத்தின் பரிசோதனையில் குறை ஏதும் காணப்படவில்லை. எனினும் உரிமையாளர் என்ற முறையில் தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் தந்து உதவ வேண்டுகிறோம்.

1. வாகனத்தை வழக்கமாக ஓட்டுபவர் யார்? வயது, தொழில்?
2. அவரது ஓட்டும் முறை பற்றி?
3. உரிமையாளரின் கருத்து.

தங்கள் பதிலின் அடிப்படையில் இது முடிவு செய்யப்படும்.

வாடிக்கையாளர் உறவு அதிகாரி


பிப்ரவரி 16, வெள்ளி

வாடிக்கையாளர் உறவு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 9ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. கேட்ட வரிசையிலேயே பதில் தருகிறேன்.

ஒன்று. ஓட்டுபவர் என் மருமகளின் தந்தை. வயது அறுபத்தொன்பது. முன்னாள் பஸ் டிரைவர்.

இரண்டு. பழைய பஸ்களை ஓட்டியவர்களுக்குச் சில பழக்கங்கள் போவதில்லை. கிளட்சின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது, தேவையின்றி அழுத்தி மிதிப்பது, வண்டி சற்றுத் தயங்கினால் பதறுவது போன்றவை. வயதும் சேரும்போது இவை கூடுமே தவிரக் குறையா.

மூன்று. என் கருத்தில் வண்டியில் குறை இல்லை. குறை ஓட்டும் கையில் இருக்கிறது. நன்கு விசாரித்துத் தேர்ந்தெடுத்த வண்டி, என் பெயரில் இருக்கும் வண்டி, குறையுள்ளது என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதை நான் விரும்பவில்லை. இந்த விஷயத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்


பிப்ரவரி 17, சனி

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். இங்கே குளிர் குறைந்துவிட்டது. முழங்கால் வலியும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. இந்த முறை கிழமை எழுதியிருந்தாய், கவனித்தேன்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளாதே.

அத்தை


மார்ச் 3, சனி

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். இந்த முறை அதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. போன வாரம் சர்வீஸ் ஷெட்டிலிருந்து அவர்களே கூப்பிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். இத்தனை நாள் நாங்கள் கெஞ்சியும் நிமிர்ந்து பார்க்காத மேனேஜர், அப்பாவுக்கு நாற்காலி போட்டார். ஒரு நாள் வைத்திருந்து, கழுவித் துடைத்துத் தந்தார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "உரிமையாளரம்மா கடிதம் வந்துடுச்சு சார், எல்லாம் முடிச்சாச்சு" என்றாராம்.

அப்பாவுக்குத் தாங்க முடியாத பெருமை. உங்களுக்கு அவரைப் பிடிக்காது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் நீங்கள் அவரிடம் பேசியது இரண்டே வார்த்தை. இப்போது வருவோர் போவோரிடமெல்லாம், "என் சம்பந்தியம்மா ஒரு கடிதம்தான் போட்டாங்க, கம்பெனியே எழுந்து நின்னுச்சு" என்கிறார்.

ஏரியைச் சுற்றும் வழியையும் விட்டாயிற்று. திங்கட்கிழமையிலிருந்து சரிவு வழியாகத்தான் போகிறோம். முதல் நாள் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா, "அவங்க எழுதியிருக்காங்கம்மா. அப்புறம் என்ன பயம்" என்றார்.

நீங்கள் ஒரு முறை இங்கே வர வேண்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 28

அத்தைக்கு,

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை எட்டு மணிக்குச் சரிவில் நின்றுவிட்டது. இறங்கத் தொடங்கியதும், போன முறை நின்ற அதே இடத்தில். பிரேக் கல்லாகிவிட்டது. கீழே ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். அப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தலையைக் குனிஞ்சுக்கோ" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், சாப்பிட உட்கார் என்பது போல. பிறகு முழு பலத்தையும் போட்டு ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பி, பூட்டிக் கிடந்த கிடங்கின் சுவரில் வண்டியை இடித்தார்.

மோதினால் விரிய வேண்டிய காற்றுப்பை எதுவும் திறக்கவில்லை. இரண்டில் ஒன்றுகூட.

நான் பின்னால் இருந்தேன். தோளில் வீக்கம் மட்டும்தான். அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. விலா எலும்பு மூன்று. சுவரிலிருந்து தெறித்த கல் பட்டு, பக்கத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது. நின்றிருந்த கும்பலில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

போலீஸ் வந்தது. கவனக்குறைவாக ஓட்டியதாக அப்பா மேல் வழக்கு. மயக்கம் தெளியாமல் படுத்திருந்தவரின் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டு போனார்கள். கண் விழித்ததும் முதலில் அந்தப் பையைத்தான் தடவினார். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிச்சதில்ல. இப்ப குத்தவாளிங்கிறாங்க" என்றார்.

வக்கீலைப் பார்த்தேன். வண்டியில் குறை இருந்தது என்று விபத்துக்கு முன்பே கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டினால் போதும், அப்பா மேல் வழக்கு நிற்காது என்றார். ஷெட்டில் தந்த சீட்டில் குறை இல்லை என்றுதான் இருக்கிறது. நான் எழுதியது உரிமையாளர் எழுதியது ஆகாதாம். ஆகவே உங்கள் கடிதம்தான் வேண்டும். நீங்கள் எழுதும் எதற்கும் நகல் வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை உடனே அனுப்புங்கள். அப்பாவை அது ஒன்றுதான் காப்பாற்றும்.

மருமகள்


ஏப்ரல் 11, புதன்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு வாரமாகப் பதில் இல்லாததால் அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். நீங்கள் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படியானால் என் கடிதம்தான் வழியில் தொலைந்திருக்க வேண்டும்.

அதனால் சுருக்கமாகத் திரும்பவும் எழுதுகிறேன். மார்ச் 27 அன்று கார் சரிவில் நின்று விபத்தாகிவிட்டது. அப்பாவுக்குக் கால் முறிவு. அவர் மேல் வழக்கு. மே 9 அன்று கோர்ட்டில் விசாரணை. கம்பெனியிடம் உங்கள் கடிதத்தைக் கேட்டேன். "அதை நாங்களே விசாரணையில் தாக்கல் செய்வோம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. சொல்லும்போது அவர் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அது புரியவில்லை.

நகலை அனுப்புங்கள், அத்தை. அப்பா தினமும் தபால் வந்ததா என்று கேட்கிறார்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 19, வியாழன்

மருமகளுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதமும் தொலையவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதியே வந்துவிட்டது.

நீ கேட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு இதைத் தொடர்ந்து படி.

படித்திருப்பாய். நான் கம்பெனியிடம் புகார் செய்யவில்லை. உன் அப்பாவைப் பற்றிப் புகார் செய்தேன்.

வயதின் மேலோ, அவசரத்தின் மேலோ, யாராவது தூண்டியதன் மேலோ இந்தப் பழியைப் போட முடியாது. நல்ல வெளிச்சத்தில், மேஜையில் உட்கார்ந்து, ஒரு முறை எழுதிப் பார்த்து, திருத்தி, பிறகு நல்ல தாளில் எழுதினேன். கிளட்ச் என்று எழுதியிருக்கிறேன். அந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. நான் அடிக்கோடிட்ட விளம்பரப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருக்கிறது. உன் முதல் கடிதத்திலும் இருக்கிறது. மற்றவர்கள் கடிதத்தில் கிழமை இல்லாததைக் கண்டுபிடிக்கும் நான் இதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உன் மார்ச் 3ஆம் தேதிக் கடிதம் வந்தபோது, நீங்கள் திரும்பவும் சரிவு வழியாகப் போகிறீர்கள் என்று தெரிந்தது. என் கடிதத்தை நம்பிப் போகிறீர்கள் என்றும் தெரிந்தது. "போக வேண்டாம், நான் அப்படி எழுதவில்லை" என்று எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உன் அப்பா ஊரெல்லாம் என்னைப் புகழ்கிறார் என்று படித்த பிறகு அதை எழுதுவது கடினமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஐந்து வார்த்தை எழுதியிருந்தால் போதும். இப்போது எண்ணிப் பார்த்தேன்.

இந்தப் பதினேழு நாளும் நான் நோயாகப் படுத்திருக்கவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

கம்பெனிக்கு, என் கருத்தைத் திரும்பப் பெறுவதாகப் பதிவுத் தபாலில் எழுதினேன். முதல் கடிதமே கணக்கில் கொள்ளப்படும் என்று பதில் வந்திருக்கிறது. ஆகவே மே 9 அன்று நானே வந்து சொல்வேன். உன் வக்கீலிடம் சொல்லி என் பெயரைச் சாட்சியாகச் சேர்க்கச் சொல். மகனுக்கும் இதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

மன்னிப்பு என்ற சொல்லை இங்கே எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

அத்தை


மே 4, வெள்ளி

மருமகளுக்கு,

நீயும் உன் அப்பாவும் ஓரளவு தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. வக்கீலிடமிருந்து அழைப்புத் தாள் வந்தது.

9ஆம் தேதி காலை ஏழரை ரயிலில் வருகிறேன். மதியம் இரண்டு மணி ரயிலில் திரும்புகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். என்னைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால், நான் பேசும் நேரத்தில் நீ வெளியே இருந்துகொள்ளலாம். நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தை


மே 21

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாவுக்கட்டு இன்னும் இருக்கிறது. விலாவில் வலி குறைந்து இப்போது சிரித்தால் மட்டும் வலிக்கிறது, அதனால் அதிகத் தொந்தரவு இல்லை. தங்கள் முழங்கால் ரயிலில் போய்வந்ததில் சிரமப்பட்டதா? தங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நீங்கள் பேசி முடித்ததும் கைத்தடியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே போய்விட்டீர்கள். பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. சாட்சி சொன்னவருக்கு அது தெரிய வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல், "வயசான அம்மா, மருமக வற்புறுத்தினதால மாத்திச் சொல்றாங்க" என்று சொன்னபோது நீங்கள், "என்னை இதுவரைக்கும் யாரும் வற்புறுத்தினதில்ல. சந்தேகமா இருந்தா என் மருமகளையே கேளுங்க" என்றீர்கள். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. ஆனால் வாயைக் கையால் மூடிக்கொண்டாள், அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

நீதிபதி அடுத்துக் கேட்டதை நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இவர் ஓட்டி நீங்க ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கீங்களா?"

"இல்லை."

"அவர் ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எதை வெச்சும்மா எழுதினீங்க?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். நீதிபதியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். "அவர் பஸ் ஓட்டினவர். அதை வெச்சு எழுதினேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் போன பிறகு நீதிபதி கம்பெனிக்காரர்களிடம், கிளட்சே இல்லாத வண்டிக்குக் கிளட்சில் கால் வைத்ததாக ஒரு கடிதம் வந்திருக்கிறதே, இதைப் படித்துப் பார்த்துத்தான் புகாரை மூடினீர்களா என்று கேட்டார். பல் டாக்டரும் பால் ஏஜென்டும் இன்னும் ஒன்பது பேரும் தத்தம் சீட்டுகளோடு வந்திருந்தார்கள். பதினோரு சீட்டிலும் ஒரே வரி. தையல்காரம்மாவும் கையில் கட்டோடு வந்து, நான் ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததையும், ஆள் இல்லாத பக்கமாகத் திருப்பியதையும் சொன்னார். என் மேல் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. அந்த மாதிரி வண்டிகள் எல்லாவற்றையும் திரும்ப அழைத்துச் சோதிக்கக் கம்பெனிக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். தாங்கள் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று வக்கீல் சொல்கிறார்.

இப்போது ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. தாங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தை மகள் என்னிடம் காட்ட மாட்டேன் என்றாள். விசாரணைக்கு இரண்டு நாளுக்கு முன் நான் விடாமல் வாங்கிப் படித்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கால் முறிந்தது அவ்வளவு வலிக்கவில்லை. தாங்கள் எழுதினீர்கள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்கள் முகத்தில் இப்போது விழிக்க வேண்டியிருக்கிறது.

கூடத்தில் என்னைப் பார்த்து அதைச் சொன்னீர்களே, அன்று இரண்டு வாய் சாப்பிட்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. கால் வரவில்லை. எலும்பு சேர்ந்தாலும் பாதம் முன்போல் அழுத்தாது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் பஸ்ஸில் போகிறாள்.

நீங்கள் எழுந்து போனபோது மகள் உங்களை வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. அதை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றிலிருந்து தங்கள் பெயர் வீட்டில் வரும்போது அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள். தங்களுக்கு எழுதச் சொல்லி நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் எழுதும்வரை நான் எழுதுகிறேன். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

கண் மருந்தை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். பதில் எழுதுங்கள்.

தங்கள் சம்பந்தி